எதிர்காற்றில் ஒன்பது கிலோமீட்டர்

வண்டிய ஆஃப் பண்ணீராதீங்க தம்பி. ஓடிட்டே இருக்கட்டும். அந்தச் சத்தம் இருந்தாக் கொஞ்சம் நல்லா இருக்குதுங்க.

இல்லீங்க, நான் ஏற மாட்டேன். இந்த வண்டிப் பின்பலகை மேல கொஞ்ச நேரம் உக்காந்துக்கறேன், அவ்வளவுதான். கெண்டைக்கால் இழுத்துக்கிச்சு. நீவி உட்டா சரியாயிரும். உக்கார்றது தப்பில்லைங்க. சைக்கிளத் தூக்கி வண்டியில வெச்சாத்தான் ரேஸ்லிருந்து விலகுன மாதிரி. ஏழாவது விதி, மூணாவது வரி. நிக்கிற வண்டியில உக்காரக் கூடாதுன்னு எங்கயும் போடல. நான் படிச்சுப் பாத்துட்டேன்.

மணி என்னங்க? ஏழு இருவத்தஞ்சா. எட்டரைக்குள்ள முடிவுக் கோட்டைத் தாண்டோணும். இன்னும் ஒம்பது கிலோமீட்டர் இருக்குது. காத்தில்லாம இருந்தா அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனா இந்தக் காத்தப் பாருங்க. ஆனி மாசம் பாலக்காட்டுக் கணவாயிலிருந்து புடுங்கிக்கிட்டு வர்ற காத்து. போறப்ப முதுகுல கை வெச்சுத் தள்ளுச்சு. நாப்பது நிமிசத்துல இருவது கிலோமீட்டர் போயிட்டேன், எனக்கே ஆச்சரியம். திரும்புனதுக்கப்பறம்தான் அது ஆருன்னு காட்டுச்சு. அந்தத் தென்னை மரத்தையெல்லாம் பாருங்க, ஒண்ணுகூட நேரா நிக்கலை.

பேரு என்ன சொன்னீங்க? ஜாகீரா. பொள்ளாச்சியா? தேங்கா லோடு ஓட்டறதா. நல்லதுங்க. இந்த ரேஸுக்கு வர்றது இதான் மொதத் தடவையா? அப்ப உங்களுக்கு ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாங்க. கடைசி ஆளு பின்னாலயே போங்க, முடியாதவிய இருந்தா ஏத்திக்கங்கன்னு மட்டும் சொல்லியிருப்பாங்க. இவன் எந்தப் பெருசுடா, குட்டியானை லோடு வண்டிய மாட்டு வண்டி ஆக்கிட்டானேன்னு நெனச்சிருப்பீங்க.

கடைசி ஆளு நான்தான். மொத ஆளும் நான்தான். சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன். அறுவதுக்கு மேல உள்ளவங்களுக்குன்னு தனிப் பிரிவு ஒண்ணு வெச்சிருக்காங்க. அதுல இன்னைக்குக் கெளம்புனது நான் ஒருத்தன்தான். எனக்கு முன்னால ஆருமில்ல, பின்னால நீங்க. கோட்டைத் தாண்டிட்டா மொதப் பரிசு எனக்கு. ரெண்டாவது பரிசும் மூணாவது பரிசும் மேசை மேல இருக்கும்.

அந்தப் பிரிவு வந்ததே என்னாலதாங்க. அதச் சொல்றேன் கேளுங்க.

முப்பத்திநாலு வருசம் மோட்டார் பம்பு கம்பெனியில இருந்தேன். குவாலிட்டி செக்கிங். லேத்துலிருந்து வர்ற ஒவ்வொரு பீஸையும் மைக்ரோமீட்டர் வெச்சுப் பாக்கோணும். சரியா இருந்தாப் பச்சைப் பெயிண்டு, இல்லைன்னா செவப்பு. தலைமுடி அளவு வித்தியாசம் இருந்தாலும் செவப்புதான். லேத்து ஆளுங்க கெஞ்சுவாங்க, சார் இந்த ஒண்ண மட்டும் உடுங்க சார்னு. நான் உட்டதில்லைங்க. ஒண்ணுகூட உட்டதில்ல. ரிட்டயர்டு ஆனன்னைக்கு மாலை போட்டு எம்.டி. சொன்னாரு, ஆறுச்சாமிகிட்டப் பச்சை வாங்கறது கலெக்டர்கிட்டக் கையெழுத்து வாங்கற மாதிரின்னு. எல்லாரும் கை தட்டுனாங்க. லேத்து ஆளுங்க இன்னும் கொஞ்ச நேரம் சேத்தே தட்டுனாங்க. நேர்மைக்கு ஒரு மரியாதை இருக்குதுங்க.

ஊட்டுல இப்ப நான் மட்டும்தான். எங்க ஊட்டுக்காரம்மா ருக்மணி பெங்களூர்ல மக ஊட்டுல இருக்காங்க. பேத்தி பொறந்தப்ப ரெண்டு மாசத்துக்குன்னு போனாங்க. பேத்தி இப்ப யூகேஜி படிக்குது. கொழந்தையப் பாத்துக்க ஆள் வேணுமில்லீங்களா. நாயித்துக்கிழமை நாயித்துக்கிழமை போன் பண்ணுவாங்க. ஒருக்கா என்ன சொன்னாங்க தெரியுமுங்களா, "இங்க ஆரும் இட்லிய அளந்து பாக்கறதில்லீங்க, நிம்மதியா இருக்குது"ன்னு. நெம்பக் கிண்டல் புடிச்சவிய. நான் எங்கீங்க அளந்தேன்? ஒரே தட்டுல ஊத்துனது ஒண்ணு பெருசா இருக்குது, ஒண்ணு சிறுசா இருக்குதேன்னு பக்கத்துல வெச்சுக் காட்டுனேன். அவ்வளவுதான்.

மகதான் இந்தச் சைக்கிள அனுப்புச்சு. ஊட்டுக்குள்ளயே உக்காந்திருக்காதீங்கப்பா, வெளிய போங்கன்னு. நல்ல சைக்கிளுங்க. ஆனா ஓட்டப் பழகுனதுக்கப்பறம் தனியா எங்க போறது? வெடியால கெளம்பி பத்து மைல் போவேன், ஒரு எடத்துல நிப்பேன், தண்ணி குடிப்பேன், திரும்பி வருவேன். அன்னைக்கு முழுக்க வாயத் தொறந்து ஒரு வார்த்தை பேசாம இருந்த நாளெல்லாம் உண்டுங்க. பால்காரர்கிட்டக்கூட பாக்கெட்ட மாட்டிட்டுப் போங்கன்னு பையத் தொங்க உட்டிருக்கேன். அப்பத்தான் இந்தக் கிளப்புக்காரங்க ரேஸ் நடத்தறாங்கன்னு பேப்பர்ல பாத்தேன். சேந்தேன்.

சேந்தா அங்க என்ன நடக்குதுன்னா, நாப்பதுக்கு மேல எல்லாரும் ஒரே பிரிவு. நாப்பத்தொரு வயசுக்காரனும் நானும் ஒரே கோட்டுல. அவன் தெனமும் ஜிம்முக்குப் போறவன். எனக்கு அப்ப அறுவத்தி மூணு. கொடி அசச்ச ரெண்டாவது நிமிசம் அவிய முதுகுகூடத் தெரியலைங்க. முப்பது பேரு ஒட்டுக்காப் போறாங்க, ஒருத்தர் முதுகுக்குப் பின்னால ஒருத்தர் ஒளிஞ்சு, காத்து மேல படாம. நான் மட்டும் தனியா நெஞ்சுல வாங்கிக்கிட்டு வர்றேன். நான் முடிக்கறப்ப மைக்குல ஒரு பையன், "நம்ம தாத்தா வர்றாரு, எல்லாரும் ஜோரா ஒரு கை தட்டுங்க"ங்கறான். தட்டறதுக்கு அங்க ஆரும் இல்லை. பரிசு குடுத்து, போட்டோ எடுத்து, வாழப்பழமெல்லாம் தீந்து போச்சு.

அடுத்த வருசம் அதுக்கும் மேல. கோட்டுக்கு மேல காத்தடிச்சு ஒரு வளைவு நிப்பாட்டுவாங்க இல்லீங்களா, பலூன் மாதிரி? நான் நூறு அடி தூரத்துல வந்துட்டிருக்கேன். என் கண்ணு முன்னால அதுல காத்தப் புடுங்கி உட்டாங்க. புஸ்ஸுன்னு அது ரோட்டு மேல படுத்துக்கிச்சு. நான் அந்தத் துணி மேல ஏத்தி ஓட்டித்தான் ரேஸ முடிச்சேன். ஒரு பொண்ணு, "ஐயோ சாரி அங்கிள், இன்னும் ஆள் இருக்குதுன்னு தெரியல"ன்னு சொல்லுச்சு. நல்ல பொண்ணுதான். அன்னைக்கு ஊட்டுக்கு வந்து கதவச் சாத்திக்கிட்டு அழுதேன் தம்பி. அறுவத்தி நாலு வயசுல. சொன்னா என்ன, நீங்க ஆருகிட்டச் சொல்லப் போறீங்க.

அப்பறம் எழுத ஆரம்பிச்சேன். பதினோரு லெட்டர் எழுதுனேன். பெரியவங்கள அரை மணி நேரம் முன்னால கெளப்பி உட்டா, கோட்டுல ஆளுங்க நிக்கறப்பவே அவியளும் வந்து சேருவாங்க, அதச் செய்யுங்கன்னு எழுதுனேன். கடைசி ஆளு வர்ற வரைக்கும் வளைவுல காத்தப் புடுங்காதீங்க. அறுவதுக்குத் தனிப் பிரிவு வேணும். மைக்குல தாத்தான்னு சொல்லாதீங்க, எனக்குப் பேரு இருக்குது. எல்லாத்துக்கும் தேதி போட்டு, எண் போட்டு, நகல் வெச்சுக்கிட்டு.

பதினோராவது லெட்டருக்கு கிளப் செயலாளரு கூப்பிட்டாரு. கவின்னு பேரு, முப்பது முப்பத்திரண்டு வயசு இருக்கும், ஐடி கம்பெனியில இருக்கறவரு. "சார், நீங்க சொல்றது நியாயம்தான். முன்னால கெளப்பி உடறது அடுத்த வருசம் பாக்கலாம். பிரிவு வெச்சுத் தர்றோம். ஆனா குறைஞ்சது மூணு பேரு பேர் குடுக்கணும். அதுல ஒருத்தராவது நேரத்துக்குள்ள முடிக்கணும். இல்லேன்னா மறுபடியும் எடுத்துருவோம், அப்பறம் கமிட்டியில என்னால பேச முடியாது"ன்னாரு. வெளங்குச்சுங்களா? இன்னைக்கு எட்டரைக்குள்ள நான் அந்தக் கோட்டைத் தாண்டலைன்னா அறுவதுக்கு மேலங்கற பிரிவே இல்ல. அவ்வளவுதான் முடிஞ்சுது.

மூணு பேருக்கு நான் எங்கீங்க போவேன்? நான் ஒருத்தன். இன்னும் ரெண்டு பேரு வேணும்.

மரியதாஸ் சார் கெடச்சாரு மொதல்ல. பி.டி. மாஸ்டரா இருந்து ரிட்டயர்டு ஆனவரு, அறுவத்தேழு வயசு. சர்ச்சுக்கு சைக்கிள்ல போறப்ப மறிச்சுப் புடிச்சேன். "எனக்கு ஹெர்னியா ஆபரேசன் ஆயிருக்கு சார், ஆனா விசில் அடிச்சே நாப்பது வருசம் ஓட்டிட்டேன், ஒரு தடவ நானும் ஓடிப் பாக்கறேன்"னாரு. ரெண்டாவது ஆளு கருப்பணன். பேக்கரி மாஸ்டர். நாப்பது வருசமா தெனம் பன்னெண்டு கிலோமீட்டர் சைக்கிள் மிதிச்சு வேலைக்குப் போறவரு. தொடையப் பாத்தீங்கன்னா தெரியும். சர்டிபிகேட்டுல அறுவத்தொண்ணு. அக்கா மகன்கிட்டக் கேட்டு ஒரு கியர் சைக்கிள் வாங்கிக்கிட்டு வந்துட்டாரு. "ஏனுங்ணா, இதுல நான் செயிச்சா என் பேரு மைக்குல சொல்லுவாங்களா?"ன்னு கேட்டாரு. அதான் அவருக்குத் தெரியோணும்.

மூணு மாசம் நாயித்துக்கிழமையானா இதே ரோட்டுல மூணு பேரும் ஒட்டுக்காப் போவோம். நான்தான் சொல்லிக் குடுத்தேன், ஆளுக்கு அஞ்சு நிமிசம் முன்னால போய்க் காத்த வாங்கோணும், மத்த ரெண்டு பேரும் பின்னால ஒட்டிக்கிட்டு வரோணும்னு. மூணு பேருன்னா காத்துல பாதி தெரியாதுங்க. வாட்ச் என் கையில. அஞ்சு நிமிசம் ஆச்சு, மாறுங்கன்னு நான் சொல்லுவேன். மரியதாஸ் சார் கரெக்டா மாறிக்குவாரு. இந்தக் கருப்பணன் மட்டும் கேக்கவே மாட்டாரு. அடுத்தது என் முறைன்னா அவருக்குக் காதே கேக்காது. பத்து நிமிசம், பன்னெண்டு நிமிசம் அவரே முன்னால போயிட்டிருப்பாரு. "மாறுங்க கருப்பணா"ன்னு கத்துவேன். "இருக்கட்டுங்ணா"ம்பாரு. நேரங் கடைப்பிடிக்கத் தெரியாத மனுசன்.

வர்றப்ப அந்த வாய்க்கால் பாலத்து டீக்கடையில நிப்போம். கருப்பணன் டிரவுசர் பையிலிருந்து ஒரு பொட்டலத்த எடுப்பாரு. மூணு தேங்காப் பன். அன்னைக்கு வெடியால அடுப்புலிருந்து எறக்குனது. ஆளுக்கொண்ணு. மரியதாஸ் சார் ஜெபம் பண்ணிட்டுத்தான் திம்பாரு, பன்னுக்கா சார் ஜெபம்னு நான் கேப்பேன். அந்த மூணு மாசம் நல்லா இருந்துச்சு தம்பி. திங்கக்கிழமையிலிருந்தே அடுத்த நாயித்துக்கிழமை எப்படா வரும்னு இருக்கும். ருக்மணி போன் பண்ணுனாக்கூட, நான் வெளிய இருக்கேன் அப்பறம் பேசறேன்னு சொல்லுவேன். அப்படிச் சொல்றதுக்கே ஒரு சந்தோசங்க.

போன மாசம் ஒரு நாயித்துக்கிழமை அந்த டீக்கடையிலதான் விசயம் நடந்துச்சு. மரியதாஸ் சார் சும்மா கேலி பண்ணுனாரு, "யோவ் கருப்பணா, அறுபத்தொண்ணுக்கு இந்தத் தொடை எப்படிய்யா?"ன்னு. அவரு சிரிச்சுட்டாரு. "நெசமாச் சொன்னா எனக்கு அறுவது ஆகறதுக்கே வர்ற தை மாசம் வரோணுங்க. எங்கண்ணனையும் என்னையும் ஒரே வகுப்புல சேக்கோணும்னு எங்கய்யன் சொல்லி, வாத்தியாரு ரெண்டு வருசம் கூட்டிப் போட்டுட்டாரு. இது நமக்குள்ள இருக்கட்டுங்ணா"ன்னாரு.

நான் அந்தப் பன்னப் பாதியிலயே வெச்சுட்டேங்க.

ஊட்டுக்கு வந்தேன். உக்காந்தேன். எந்திரிச்சேன். அம்பத்தொம்பது வயசு ஆளு, அறுவதுக்கு மேலங்கற பிரிவுல. பதினோரு லெட்டர் எழுதி நான் வாங்குன பிரிவுல. அளவு தப்பு தம்பி. தெரியாம இருந்தா வேற. தெரிஞ்சதுக்கப்பறம் எப்படிங்க பச்சை அடிக்கிறது? மொதப் பரிசுக்காகன்னு நெனச்சுறாதீங்க. கருப்பணன் இருந்தா அவருதான் மொத, நான் ரெண்டாவது, அது எனக்கு மொத நாளே தெரியும். அதுக்காக இல்ல. விதிக்காக.

எழுதுனேன். பன்னெண்டாவது லெட்டர். அப்பறம் நம்ம பழக்கம் என்னன்னா, ஒரு பீஸுக்கு செவப்பு அடிச்சா அந்த ரிப்போர்ட்டு சம்பந்தப்பட்ட எல்லாருக்கும் போகோணும். லேத்து ஆளுக்கும் ஒரு நகல் போகோணும். முதுகுக்குப் பின்னால எழுதறது கோழைத்தனம். அதனால கவினுக்கு ஒண்ணு, மரியதாஸ் சாருக்கு ஒண்ணு, கருப்பணனுக்கு ஒண்ணு. மூணு பேருக்கும் வாட்ஸப்புல அனுப்புனேன். கருப்பணனுக்குக் கீழ ஒரு வரியும் சேத்தேன், இது தனிப்பட்ட முறையில் அல்லன்னு. அவரு சந்தோசப்படுவாருன்னுதாங்க நெனச்சேன். நேராச் சொல்லிட்டேனே.

கவின் ஒடனே பதில் போட்டாரு. "சார், சர்டிபிகேட்ல என்ன இருக்கோ அதுதான் எங்களுக்கு. அவர் ஓட்டலாம்." நானும் சரின்னுட்டேன். விதி என்ன சொல்லுதோ அதுதானே. எனக்கு அதுக்கு மேல ஒண்ணும் இல்லை. அடுத்த நாயித்துக்கிழமை வழக்கம் போல அஞ்சரைக்கு வந்து நின்னேன். ஆறாச்சு. ஆறரையாச்சு. கருப்பணனுக்குப் போன் போட்டேன். எடுத்தாரு. "நான் வரலீங்ணா. உங்ககிட்டத்தான் சொன்னேன். வேற ஆருகிட்டயும் சொன்னதில்லீங்க"ன்னாரு. அவ்வளவுதான் பேசுனாரு. கோவமாக்கூடப் பேசலை. கோவமாப் பேசியிருந்தா நானும் ரெண்டு பேசியிருப்பேன்.

மரியதாஸ் சார் ஊட்டுக்கே வந்துட்டாரு. உள்ள வராம வாசல்லயே நின்னுக்கிட்டு, "சார், உங்க பிறந்தநாள் என்னைக்கு?"ன்னு கேட்டாரு. ஜூன் ஒண்ணுன்னேன். "எங்க ஸ்கூல் ரிஜிஸ்டர்ல பாதிப் பசங்களுக்கு ஜூன் ஒண்ணுதான் சார். கேக்கு வெட்டுனா கருப்பணன் பேக்கரியே பத்தாது"ன்னாரு. எனக்கு வெளங்கலை. எங்கம்மா நான் ஆடிப் பதினெட்டு அன்னைக்கு, ஆத்துல தண்ணி போறப்பப் பொறந்தேன்னு சொல்லும். அது வேற விசயங்க. அது பேச்சுக்குச் சொல்றது. ரெக்கார்டுன்னா ரெக்கார்டுதானே. அதத்தான் அவருகிட்டயும் சொன்னேன். அதுக்கு அவரு, "கருப்பணன் ரெக்கார்டும் ரெக்கார்டுதானே சார்"னாரு. தண்ணி கொண்டாந்து குடுத்தேன். வாங்கி, குடிக்காம, அந்தச் சொவர் மேல வெச்சுட்டுப் போயிட்டாரு. ரெண்டு நாளு அந்த டம்ளர நான் எடுக்கலைங்க.

கிளப்புல மூணு பேரும் பேர் குடுத்தாச்சு. அதனால பிரிவு நிக்குது. இன்னைக்கு வெடியால கோட்டுல நிக்கறேன், மைக்குல கூப்புடறாங்க. ஆறுச்சாமி சார்னு கூப்புட்டாங்க. தாத்தான்னு சொல்லலை, கவனிச்சேன். அடுத்தது கருப்பணன். ரெண்டு தடவ கூப்புட்டாங்க. மரியதாஸ். ரெண்டு தடவ. அந்த மனுசன் மைக்குல தன் பேரு வரோணும்னு எவ்வளவு ஆசைப்பட்டாரு. பேரு வந்துச்சு. ஆளு இல்லை. அப்ப எனக்கு இங்க நெஞ்சுல என்னமோ பண்ணுச்சு தம்பி. வெறும் வயித்துல வந்ததால இருக்கும்னு நெனச்சுக்கிட்டேன்.

இதச் சொல்லட்டுமா வேண்டாமான்னு பாக்கறேன். நீங்களும் பாத்திருப்பீங்க. திரும்பி வர்றப்ப அந்த வாய்க்கால் பாலத்து டீக்கடையில ரெண்டு பேரு உக்காந்திருந்தாங்களே, பக்கத்துல சைக்கிள் சாத்தி வெச்சு? அவியதான். கருப்பணனும் மரியதாஸ் சாரும். என்னைப் பாத்ததும் மரியதாஸ் சார் எந்திரிச்சாரு. கருப்பணன் கைய இப்படி, பாதி வரைக்கும் தூக்குனாரு. நான் பாக்காத மாதிரி வந்துட்டேன். ரேஸ்ல இருக்கறப்ப வெளி ஆளுங்ககிட்டப் பேசக் கூடாதில்லீங்களா.

அப்படி விதி ஒண்ணும் இல்லைங்க. நானாச் சொல்லிக்கிட்டேன்.

அதுக்கப்பறம் கொஞ்ச நேரம் உங்க வண்டிச் சத்தமும் கேக்கலை. திரும்பிப் பாத்தா ரோடு காலியாக் கெடக்குது. முன்னாலயும் ஆருமில்ல, பின்னாலயும் ஆருமில்ல. இந்தக் காத்தாடி மில்லுங்க மட்டும் சுத்திக்கிட்டு நிக்குது. நீங்களும் போயிட்டீங்கன்னு நெனச்சேன். இருக்கறதே கடைசி வண்டி, அதுவும் உட்டுட்டுப் போயிருச்சுன்னு. நெசமாச் சொல்றேன், காலு இழுத்தது அதுக்கப்பறம்தான். ஆமா, எங்க போனீங்க தம்பி அந்த நேரத்துல?

என்னது? பொட்டலமா? அவியளா நிப்பாட்டிக் குடுத்தாங்க?

அண்ணன் எங்கயாவது நின்னா குடுங்க, நிக்காமப் போனா நீங்களே தின்னுக்கங்கன்னு சொன்னாரா. கருப்பணனா சொன்னாரு? வேற ஏதாவது சொன்னாரா? காத்து ஜாஸ்தியா இருக்குது, அண்ணன் தலையக் குனிஞ்சு ஓட்டச் சொல்லுங்கன்னா? அப்படியா சொன்னாரு?

கொண்டாங்க.

இன்னும் சூடு ஆறலை பாருங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணும் இங்கயே இருக்குது. அவிய ரெண்டு பேரும் திங்கவே இல்லை.

தம்பி, அந்தக் கருப்பணன் இருக்கறாரில்லீங்களா, அவரு நேரங் கடைப்பிடிக்காத ஆளெல்லாம் இல்லைங்க. என் முறை வர்றப்ப அவரு மாறாம இருந்தது எனக்கு மூச்சு இழுக்குதுன்னு தெரிஞ்சுதான். இப்பத் தனியா ஓட்டறப்பத்தான் தெரியுது அவரு எவ்வளவு காத்து வாங்கியிருக்காருன்னு. மொதப் பரிசுக்காக இல்லைன்னு சொன்னேனே. அதுக்காகவும்தான். இத்தன வருசத்துல எதுலயும் நான் மொதலா வந்ததில்லைங்க. பத்தாவது படிச்ச காலத்துலிருந்து எதுலயும். அடுத்தவன் செஞ்சதப் பாத்துச் சொல்றதுதான் என் வேலை. ஒரு தடவ வந்து பாக்கலாம்னு ஆசையா இருந்துச்சு.

ஒரு சிக்கல் இருக்குது. இதத் திங்கக் கூடாது. வெளி ஆளு குடுக்கற உணவு வாங்கக் கூடாதுன்னு பத்தாவது விதி. வாங்குனாத் தகுதி நீக்கம். திங்காம ஓட்டுனா இந்தக் காலு ஒம்பது கிலோமீட்டர் வராது, அதுவும் தெரியுது. நான் முடிக்கலைன்னா பிரிவு போச்சு. பிரிவு போச்சுன்னா...

இருங்க. கருப்பணனுக்கு வர்ற தை மாசம் அறுவது ஆகுது. நெசமான அறுவது. அடுத்த ஆனியில அவரு வந்து கோட்டுல நின்னா ஆரு என்ன சொல்ல முடியும்? நானே மைக்ரோமீட்டர் வெச்சுப் பாத்தாலும் பச்சைதான். ஆனா நிக்கறதுக்குக் கோடு இருக்கோணுமில்லீங்களா. அது இன்னைக்கு எட்டரைக்குள்ள என் கையிலதான் இருக்குது. என் கால்ல இருக்குது. அவரு வந்தா நான் ரெண்டாவது. சரி, ரெண்டாவது.

நீங்க ஒரு பன் எடுத்துக்கங்க. எடுத்துக்கங்க தம்பி, நல்லா இருக்கும். ஒண்ண அங்க டேஷ்போர்டு மேல வையுங்க. இது எனக்கு.

ம். தேங்கா கொஞ்சம் தூக்கலாப் போட்டிருக்காரு இன்னைக்கு.

முப்பத்திநாலு வருசத்துல தெரிஞ்சே ஒரு பீஸ உடறது இதான் மொதத் தடவைங்க. செயலாளரு கேட்டா என்ன சொல்லுவீங்க? அவரு கேக்க மாட்டாரு. கேட்டா, நான் உக்காந்து கால நீவிக்கிட்டு இருந்தேன்னு சொல்லுங்க. பொய்யில்லையே. இந்தப் பன்னு விசயம் மட்டும்...

இது நமக்குள்ள இருக்கட்டுங்க தம்பி.

அவரும் இதேதாங்க சொன்னாரு. அந்த டீக்கடையில உக்காந்து, கையில பன்ன வெச்சுக்கிட்டு, இதே வார்த்தை. எனக்கு அன்னைக்கு ஏன் கேக்காமப் போச்சு?

மணி என்ன? ஏழே முக்காலா? முக்கால் மணி நேரம் இருக்குது. கொஞ்சம் கையக் குடுங்க. ஆ... நிக்குது, நிக்குது. சைக்கிளப் புடிங்க. ஹெல்மட்டு.

என்னது, நீங்க முன்னால போறீங்களா? வேண்டாங்க, வேண்டாம். நல்ல மனசு உங்களுக்கு. ஆனா வண்டி முன்னால போனா எனக்குக் காத்து மறஞ்சிரும். பன்னு ஒண்ணே போதும், அதுக்கு மேல வேண்டாம். இந்தக் காத்த நான் வாங்கித்தான் ஆகோணும்.

பின்னாலயே வாங்க. இதுவரைக்கும் வந்த மாதிரியே. ஆனா ஒண்ணு கேக்கட்டுங்களா? தலையக் குனிஞ்சு ஓட்டுனாக் காத்துச் சத்தத்துல வேற எதுவும் கேக்கறதில்ல. திரும்பிப் பாத்தா வேகம் கொறஞ்சிருது. அதனால அப்பப்ப ஒரு ஹாரன் மட்டும் அடிங்க தம்பி. சும்மா, சின்னதா. ஹாரன் அடிக்கக் கூடாதுன்னு எந்த விதியிலயும் இல்லைங்க. நான் படிச்சுப் பாத்துட்டேன்.